ஆமோஸின் எகிப்து மெடல்கள்

ஆமோஸின் கோட்டைப் பார்த்ததுமே டார்கஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எகிப்துப் போரில் அவன் வாங்கிய இரண்டு மெடலும் மார்பில் இல்லை.

"எங்கய்யா மெடலு? குடிச்சுத் தீத்துட்டியா?"

"பெஸ்ஸியப் பாத்தேன்டி. வாட்டர்லூ ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தன் அவள நாலு பேர் பாக்க அடிச்சிக்கிட்டிருந்தான். தட்டிக் கேட்டா, 'இவ என் பொழப்பு, நீ யாருடா?'ங்கிறான். மெடல் ரெண்டையும் அவன் மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு, அவளக் கூட்டிட்டு வந்துட்டேன். கொல்லையில நிக்கிறா."

"எகிப்துல உன்கூட இருந்தவளா? கல்யாணமான நாள்லேருந்து அவ புராணம்தான்! இப்ப வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டியா?"

"அன்னிக்கு அவ இல்லேன்னா நான் பொணம்டி."

"கெழவியாயிட்டா, இனி அவளால என்ன வேலை ஆகும்? நமக்கே கஞ்சிக்கு வழியில்ல. அவ வயித்துக்கு என்னத்தப் போடுவ?"

துடைப்பத்தோடு கொல்லைக்குப் பாய்ந்த டார்கஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

விலா எலும்பு தெரிய ஒரு கிழட்டுக் குதிரை நின்றிருந்தது. அதன் குளம்பில் ஆமோஸின் ரெஜிமென்ட் எண்ணைச் சூடு போட்டுப் பதித்திருந்தார்கள். முதுகெல்லாம் சவுக்கடி, ரத்தம் இன்னும் காயவில்லை.

"இவள யாருய்யா வண்டிக்காரனுக்கு வித்தது?"

"பட்டாளம்தான். வயசானதும் ஏலத்துல தள்ளிட்டாங்க."

"மேல உக்காந்து போனவனுக்கு மெடலு, சுமந்துட்டுப் போனவளுக்குச் சவுக்கா?"

அடுப்பிலிருந்த ஓட்ஸ் கஞ்சியைச் சட்டியோடு கொண்டுவந்து குதிரையின் முன்னால் வைத்தாள். பிறகு துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"அந்த வண்டிக்காரன் இன்னும் ஸ்டேஷன்லதான நிக்கிறான்?"