ஹம்ராவைக் கூப்பிட்டபோது

சதுப்பு நிலத்து எருமைகளைப் பெயர் சொல்லி, ராகமாக இழுத்துக் கூப்பிட்டால்தான் பால் விடும்.

யூப்ரடீஸ் ஆற்றுச் சதுப்பு வற்றி உப்பாகிப் போனதால், வப்ரியாவும் கணவன் ஜாசிபும் மிச்சமிருந்த எருமைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்து, கர்பலா நகரத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் தங்கியிருந்தார்கள். டேங்கரில்தான் தண்ணீர். இங்கேயும் எத்தனை நாளோ என்று அவள் மூட்டைகளைக்கூட அவிழ்க்கவில்லை.

சாயங்காலம் வாளியோடு நின்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் கடைசியாக, "ஹம்ராஆ..." என்றும் கூப்பிட்டுவிட்டாள்.

ஜாசிப் எரிந்து விழுந்தான். "புத்தி கெட்டுப்போச்சா? உப்புத் தண்ணி குடிச்சு செத்ததை நாமதானே அங்க புதைச்சோம்!"

"வாய் தவறி வந்துடுச்சு. அதுக்கு ஏன்யா இந்தக் குதி குதிக்கிறே?"

அதற்குள் தெற்கேயிருந்து ஹம்ரா வந்தது. கழுத்துவரை நனைந்திருந்தது. வாயில் பச்சை நாணல். மற்ற எருமைகள் ஒதுங்கி இடம் விட்டன. வப்ரியா உட்கார்ந்து கறந்தாள். ஜாசிப் பாலில் விரலைத் தோய்த்து நக்கினான்.

"பழைய ருசிடி," என்றான்.

கறந்து முடித்ததும் ஹம்ரா வந்த வழியே போய்விட்டது. அது மறைந்த பக்கமிருந்து, எருமையைக் கூப்பிடும் அதே ராகத்தில் ஒரு குரல் வந்தது.

"ஜாசீஈப்..."

அது வப்ரியாவின் குரல். வப்ரியாவோ அவன் பக்கத்தில், வாயைத் திறக்காமல் நின்றிருந்தாள்.

"போகாதய்யா," என்று அவன் கையைப் பிடித்தாள்.

அவன் கையை விடுவித்துக்கொண்டான். செருப்பைக் கழற்றினான். அந்தக் காய்ந்த பொட்டலில், தண்ணீரில் இறங்கப்போகிறவனைப் போல, அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டான்.