மூன்று மணிச் சப்பாத்து

இரத்தினசிங்கத்துக்கு இங்கிலீசு போய்விட்டது.

மறதி நோய். பிந்திப் படித்தது முந்திப் போகுமாம். மிச்சம் தமிழ் மட்டும். மகன் சுஜீதனுக்கோ தமிழ் தெரியாது. "வீட்டிலும் இங்கிலீசுதான்" என்று வளர்த்தவர் இவரேதான்.

நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு முதியோர் இல்லம். ஞாயிறு காலையில் சுஜீதன் வருவான். "ஹாய் டாட்" என்பான். பிறகு போனைப் பார்ப்பான்.

அவனுக்கு எரிச்சல், பக்கத்து அறை எல்வீரா. சிலி நாட்டுக்காரி. ஸ்பானிஷோடு மட்டும் முதுமையில் மகளிடம் வந்தவள். இரத்தினசிங்கம் நல்லாயிருந்த காலத்தில் அவளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுத்தார்.

"கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர்! உங்கட பாஷைக்குப் பைத்தியமா?" என்பாள் அவள்.

"என்ர பாஷை இல்லையம்மா. திருப்பிச் சொல்லு."

ஒரு வேலைநாளில் சுஜீதன் வந்தபோது, அவள் அப்பாவை வெயிலில் வாசல் கேற்றுவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"விழுந்தால் யார் பொறுப்பு? இவளின் அரைகுறைப் பேச்சால்தான் டாட்டின் இங்கிலீசும் கெட்டது" என்று பொறுப்பு நர்ஸிடம் முறையிட்டான்.

எல்வீராவை மாடிக்கு மாற்றினார்கள்.

அன்றிலிருந்து மூன்று மணியானால் இரத்தினசிங்கம் கத்தினார். கதவை உதைத்தார். தடுத்தவருக்கு அடி.

"பூட்டி வைக்கும் பிரிவுக்கு மாற்றவேண்டும். கையெழுத்துப் போடுங்கள்" என்றாள் நர்ஸ்.

சுஜீதன் பேனாவை எடுத்தான். அறைக்குள் அப்பா கத்தினார். "சப்பாத்து! என்ர சப்பாத்து எங்க?"

"ஏதோ கெட்ட வார்த்தை" என்றான்.

"ஷூ கேட்கிறார்!"

வாசலில் எல்வீரா. கைத்தடியோடு மாடியிலிருந்து வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அவருக்குச் சப்பாத்து. எனக்கு ஸபாத்தோ. அவருக்கு மேசை. எனக்கு மேஸா. இப்படித்தான் அவர் பேச்சைக் கொஞ்சம் பிடித்தேன்."

போர்த்துக்கீசன் நம் வீட்டில் விட்டுப்போன சொற்கள். அவளுக்கு அவை சொந்தக்காரர்.

"மூன்று மணிக்கு எதுக்கு ஷூ?"

"பிக் அப்" என்றாள். "ஸ்கூல் விடும் நேரம். மகன் சின்னப் பிள்ளையாம், காத்து நிற்பானாம். நான் போட்டுவிடுவேன். கேற்றடியில் நிற்போம். பார்ப்போம். வருவோம். பிறகு சத்தமில்லை."

சுஜீதன் பேனாவை வைத்தான்.

கேற்றடியில் போய் நின்றான். அப்பா சப்பாத்தோடு வந்தார். அவனைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் யாருமில்லை. அவர் முகம் சுருங்கியது.

எல்வீரா அவர் கையைப் பிடித்து அவன் கையில் வைத்தாள். "மகன்" என்றாள், தமிழில்.

கனநேரம் பார்த்தார்.

"பசிக்குதோடா?"

சுஜீதனுக்கு விளங்கவில்லை. தன் வயிற்றைத் தட்டிக் காட்டி விளங்கப்படுத்தியவள் எல்வீரா.