மேபல் டீச்சரின் சிவப்பு நகங்கள்

"எல்லாரும் கையை நீட்டுங்க!"

திங்கட்கிழமை நகம் பார்க்கும் நாள். நாலாம் வகுப்பில் மேபல் டீச்சர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பெண்பிள்ளையின் விரலைப் பிடித்துத் தூக்கி, "என்ன இது, பருந்து மாதிரி? நாளைக்கு வெட்டிட்டு வரணும்" என்றாள்.

பிள்ளை தன் நகத்தைப் பார்க்கவில்லை, டீச்சரின் நகத்தைத்தான் பார்த்தது. ஒவ்வொன்றும் நீளமான ஒட்டு நகம், செக்கச் செவேலென்று, நுனியில் மினுக்குத் தூள் வேறு.

"டீச்சரும் வெட்டிட்டு வருவீங்களா?"

வகுப்பே சிரித்தது. வாசலில் நின்ற பாடசாலை அதிபர் ராஜலிங்கம் சிரிக்கவில்லை. "நாங்க சரியா இருந்தாத்தானே டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்லலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் மேபலை ஒரு சொல் சொன்னதில்லை.

காலையிலிருந்தே எல்லாம் எரிச்சல்தான். சேலைக்கு ஊசி குத்த முடியவில்லை. கணவர் மத்தியூ உதவ வந்து தோளிலேயே குத்திவிட்டார். பஸ்ஸில் டிக்கெட் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் நகம் பலகையைக் கீறியதே தவிர, டிக்கெட் அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

இடைவேளையில் சோற்றைப் பிசைந்தபோது பருப்பு முழுக்க நகத்துக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தவளைப் பக்கத்துக் கதிரை லிண்டா டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அழகாத்தான் இருக்கு. கல்யாண வீட்டுக்குப் போட்டா சரி. இத வச்சிக்கிட்டு எப்படி பாத்திரம் கழுவுறீங்க?"

"எங்க கழுவுறது? ரெண்டு நாளா மத்தியூதான் கழுவுறாரு."

"அப்ப எதுக்குப் போட்டீங்க? இந்த வயசுல..."

மேபல் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். மூடியும் சரியாக மாட்டவில்லை.

"எந்த சலூன்?" லிண்டா விடவில்லை.

"தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு."

"என் பேக்ல நெயில் கட்டர் இருக்கு. கொண்டாங்க, இப்பவே வெட்டி விடுறேன்."

மேபல் சட்டென்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாம். போட்டவளே கழட்டட்டும்."

பள்ளி விட்டதும் பிலிமத்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே சொல்ல வேண்டியதைத் தயார்படுத்தினாள். 'இந்தா பார், எனக்கு இது சரிவராது. முதல்ல இதக் கழட்டி எடு.' கைப்பை சிப் திறக்காமல் அடம்பிடித்தபோது கோபம் இன்னும் ஏறியது.

சந்தியில் இறங்கி, கடைகளுக்குப் பின்னால் ஏறும் ஒழுங்கையில் மூச்சிரைக்க நடந்தாள். வாகனம் நிறுத்தும் அறை ஒன்றின் கதவில் 'இங்கு நகம் போடப்படும்' என்று கையால் எழுதிய அட்டை தொங்கியது. உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு கதிரைகள். வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை. ஒரு பெண் சின்னச் சின்னப் போத்தல்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மேபலைக் கண்டதும் முகம் மலர எழும்பினாள்.

"வாங்கம்மா! ஸ்கூல்ல எல்லாரும் என்ன சொன்னாங்க? நான் போட்டதுன்னு சொன்னீங்களா?"

மேபலின் மகள் ஷிராணி. நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன நாளிலிருந்து அறைக் கதவைப் பூட்டிக்கொண்டவள். வெளியே வைத்த சாப்பாடு அப்படியே ஆறிக் கிடக்கும். எதைக் கேட்டாலும் 'ம்' என்பதோடு சரி. போன கிழமைதான் தானாக வெளியே வந்து, வீட்டோடு ஒட்டிய இந்த அறையைக் கூட்டித் துடைத்து, "யாராவது கை குடுத்தா நான் பழகிக்குவேன்" என்று சொன்னாள். அக்கம்பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. மேபல்தான் இரண்டு கையையும் நீட்டினாள்.

இன்றைக்கு ஷிராணி தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு.

பஸ்ஸில் தயாரித்த வார்த்தை ஒன்றும் மேபலின் வாய்க்கு வரவில்லை. ஆனால் நாலாம் வகுப்பின் சிரிப்பு இன்னும் காதில் கேட்டது.

"ஸ்கூலுக்குச் சரிவராதும்மா. கழட்டிடு."

ஷிராணியின் கை போத்தலின் மேல் அப்படியே நின்றது. "நல்லா இல்லன்னு சொல்லிட்டாங்களா?" என்றாள். கண் மறுபடி வீட்டுப் பக்கம், அந்த அறைப் பக்கம் திரும்பியது.

மேபல் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி விளக்குக்கு நேரே மேசைமேல் வைத்தாள்.

"கால்லயும் பத்து விரல் இருக்குதானே?"