தனித் தொட்டி

“காலையிலேர்ந்து அவளை ஓட ஓட விரட்டுறான்யா! மூலையில போய் ஒதுங்கினாலும் விடமாட்டேங்கிறான். இப்படியே விட்டா செத்தே போயிடுவா. எல்லாத்தையும் போட்டுட்டு உடனே கிளம்பி வா!”

இன்ஸ்பெக்டர் போனில் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். விடிந்ததிலிருந்து காத்துக் கிடந்தவளுக்கு இப்போதுதான் உயிர் வந்தது.

“ரொம்ப நன்றி சார்” என்று எழுந்தாள்.

“நீ எதுக்கும்மா நன்றி சொல்ற? நான் மீனைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்.”

அவர் ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டிப் பக்கம் போய்க் குனிந்தார். ஆரஞ்சு வால் ஆண் கப்பி மீன் ஒன்று, வயிறு பருத்த பெண் மீனைத் துரத்தித் துரத்திக் கடித்துக்கொண்டிருந்தது. பெண் மீனின் வால் கந்தலாகிவிட்டது. “ராஸ்கல்!” என்று கண்ணாடியைத் தட்டினார் இன்ஸ்பெக்டர்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையை விலக்கினாள். ஐந்து விரலும் பதிந்து கன்றிப் போயிருந்தது.

“இதுக்கு யாரை சார் கூப்பிடப் போறீங்க?”

“ஆரம்பிச்சிட்டியா! குடும்பம்னா நாலும் இருக்கும். உன் புருஷன் நம்பரைக் குடு. வரச் சொல்லி, நாலு வார்த்தை திட்டி, அவன் கூடவே அனுப்பி வைக்கிறேன். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ. எல்லாம் சரியாயிடும்.”

“நம்பர் தரமாட்டேன். அவர் கூட அனுப்பினீங்கன்னா நாளைக்கு நான் உயிரோட இருக்கமாட்டேன். அம்மா வீட்டுக்குப் போனாலும் அங்க வந்து சிரிச்சுப் பேசிக் கூட்டிட்டுப் போயிடறார். வெளியில எல்லாருக்கும் அவர் தங்கம் சார். முதல்ல என் புகாரை எழுதிக்குங்க.”

“யாருக்கு யாரும்மா உத்தரவு போடுறது?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள். “அதுல பேருக்கு ஒரு செடிகூட இல்ல. ஓடி ஒளிய இடமே இல்லன்னா அது எங்க சார் போகும்? போதாக்குறைக்கு, அது குட்டி போடுற நேரம்.”

“ஓஹோ! மீன் வளர்க்கவும் நீதான் எனக்குச் சொல்லித் தரணுமா? நகரு. ஆள் வந்தா வாளி வைக்க இடம் வேணும். அந்த பீரோவுக்குப் பின்னால போய் உக்காரு.”

போனாள். ஆத்திரத்தில் வந்த அழுகை, அடக்க அடக்க விசும்பலாக வெளியே வந்துகொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு காதைக் குடைந்தார். அவருக்கு மீன் கவலை.

மீன் கடைக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, ஒரு கையில் வாளி, ஒரு கையில் வலை. “மன்னிச்சிடுங்க சார், கடையைப் பூட்டிட்டு ஓடி வர்றேன்” என்று பணிவாகச் சொல்லிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டார்.

பீரோவுக்குப் பின்னால் விசும்பல் நின்றது. ஒரு தொல்லை விட்டது என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயோ பாவம், எப்படிக் கடிச்சு வச்சிருக்கான் பாருங்க!” கடைக்காரர் நிஜமாகவே பதறினார். “இவனைத் தனியா பிரிச்சாகணும் சார்.”

“ரெண்டு நாள் விட்டுப் பார்த்தா பழகிடாதா?”

“பழகவே பழகாது. இது பயந்து ஒதுங்க ஒதுங்கத்தான் அவனுக்குக் கொழுப்பு ஏறும். இன்னைக்கு வாலைக் கடிச்சவன் நாளைக்கு உயிரை எடுப்பான். இதுல அனுசரிச்சுப் போறதுக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். கையோட பிரிச்சிடணும்.”

சற்றுமுன் தன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை என்பது இன்ஸ்பெக்டருக்கு உறைக்கவில்லை. அவர் தோல் கொஞ்சம் தடிப்பு. “கரெக்டா சொன்னே!” என்று தலையை ஆட்டினார்.

கடைக்காரர் ஆரஞ்சு வாலனை வலையில் அள்ளி, தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் விட்டார். பிறகு தொட்டிக்குள் கையை மெல்ல இறக்கி, மூலையில் ஒண்டிக் கிடந்த பெண் மீனுக்குப் பக்கத்தில் அசையாமல் வைத்திருந்தார். “ஒண்ணுமில்லடா செல்லம். இனிமே உன்னை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. பயப்படாத.” அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்கே மனசு இளகிவிட்டது. பீரோவின் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்:

“பார்த்தியாம்மா! ஒரு மீனுக்கே மனுஷன் இப்படி உருகுறான். உனக்கு இப்படி ஒரு புருஷன் வாய்ச்சிருந்தா நீ ஏன் இங்க வந்து நிக்கப் போற?”

அவள் எழுந்து வெளியே வந்தாள். சால்வையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கடைக்காரர் கையிலிருந்த வலை நழுவித் தரையில் விழுந்தது.

“எனக்கு வாய்ச்சதே இவர்தான் சார்.”