மங்கையின் கைப்பக்குவம்

கிரிவலப் பாதையை ஒட்டிய புது நகரில் செந்தாமரையின் பங்களாவும் மங்கையின் பங்களாவும் எதிரெதிரே இருந்தன. பௌர்ணமிதோறும் இருவரும் வாசலில் பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள். கூட்டமெல்லாம் மங்கையின் புளியோதரைக்குத்தான் போகும்.

மாசி மாதம் மங்கை மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். பேச வந்தவள்போல மேலே போன செந்தாமரை, அவளைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டாள். மங்கை வெயிலில் மயங்கி விழுந்து இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு ஒரே பந்தல்தான். செந்தாமரை பட்டுப்புடவை கட்டி, தானே கிளறி, தானே பரிமாறினாள். வரிசை தெருமுனையைத் தாண்டியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வாய் சாப்பிட்ட பூக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியே மங்கையம்மா செஞ்சது மாதிரியே இருக்குதுங்க."

செந்தாமரை ருசி பார்த்தாள். அது அவள் கிளறிய புளியோதரையாக இல்லை. மறுநாள் அவள் வைத்த ரசமும் அப்படித்தான். காப்பியைக் குடித்த அவள் கணவர் புகழேந்தி, "எதிர்வீட்டுக் காப்பி மாதிரியே போட்டுட்டியே!" என்று மெச்சினார்.

செந்தாமரை கலங்கவில்லை. கை யாருடையதாக இருந்தால் என்ன, பந்தல் தன்னுடையது என்று நினைத்தாள். மாதாமாதம் கூட்டம் பெருகியது.

ஆடிப் பௌர்ணமியன்று மங்கையின் கணவர் கலையரசனும் வரிசையில் வந்து வாங்கிச் சாப்பிட்டார். ஒரு கவளத்திலேயே அவர் கண் நிறைந்துவிட்டது.

செந்தாமரை தலையை நிமிர்த்திக் கரண்டியை நீட்டினாள்.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க."

அது மங்கையின் குரலாக இருந்தது.