வாசலில் ஒரு ஆரஞ்சுக் கொடி

"அடைச்சிடணும்" என்றாள் நகராட்சி ஆய்வாளர் இமெல்டா, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "பழைய வட்டாரத்துல தெருப்பக்க ஜன்னல் கண்ணாடி முப்பது அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இது எழுபத்திரண்டு."

சாண்டா ஃபேயில் அப்படித்தான். வீடு உன்னுடையது, வீட்டின் முகம் நகராட்சியுடையது.

எலோய்க்கு அது தெரியாமலில்லை. தெரிந்தேதான் போன குளிர்காலத்தில் மண்சுவரை உடைத்து அந்தப் பெரிய ஜன்னலை வைத்தார். மனைவி ஓட்டிலியா இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஒன்றரை வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறாள். அவளுக்குத் தெருவும் மலையும் தெரியணும். அவ்வளவுதான்.

"மேடம், அவ பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

"திங்கட்கிழமை குழு கூடுது. அங்க வந்து சொல்லுங்க."

கொடுத்த காப்பியைத் தொடவில்லை. கிளம்பும்போது மட்டும் கட்டில் உயரத்துக்குக் குனிந்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

இன்னும் என்ன குத்தம் தேடறா என்று எலோய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஆறு பேர். செருப்புக்கு மேலே நீலக் காகித உறை வேறு மாட்டியிருந்தார்கள்.

பட்டாளத்தையே அனுப்பிட்டாளா?

"ஜன்னல்தானே? அடைச்சிடறேங்க. திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு..."

"அடைக்கறதா? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாள் தொப்பி போட்ட ஒருத்தி. "இந்தக் கண்ணாடி எங்க பிடிச்சீங்க?"

"இடிச்ச டயர்க் கடையில."

"கேட்டியா? டயர்க் கடையிலயாம்!" என்று புருஷனை இடித்தாள். அவர் கூரை ஒழுகும் இடத்தில் இருந்த பச்சை வாளியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது வாளிங்க" என்றார் எலோய்.

"தெரியுது. என்ன துணிச்சல்!"

இவர்கள் போனதும் ஒன்பது பேர் வந்தார்கள்.

"யார் இங்க டிசைனர்?"

"நான்தான்" என்றாள் ஓட்டிலியா கட்டிலில் இருந்தபடி. "நான் சொன்னேன், இந்தக் கிழவன் இடிச்சான். அதையும் கோணலா இடிச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். எலோய்க்குப் பொறுக்கவில்லை.

"நீங்கல்லாம் நகராட்சிதானே?"

"நகராட்சியா? நாங்க வீட்டுத் திருவிழாவுக்கு வந்தவங்க. பட்டியல்ல உங்க வீடு இல்ல. ஆனா வாசல்ல திருவிழாக் கொடி இருக்கே, கடைசி நேரத்துல சேத்திருப்பாங்கன்னு நெனச்சோம்."

வருஷாவருஷம் நடக்கிற திருவிழாதான். ஊரின் அழகான வீடுகளை இரண்டு நாள் எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுவார்கள். எல்லாம் மேட்டுத் தெருப் பணக்கார வீடுகள்.

வெளியே ஓடிப் பார்த்தார். கேட்டோரம் கம்பியில் கட்டி மண்ணில் நட்ட ஆரஞ்சுக் கொடி. அடியில் ஒரு பெட்டி நிறையக் காகித உறை, பார்வையாளர் கையெழுத்துப் புத்தகம்.

எந்த மடையனோ வீடு தெரியாமல் நட்டிருக்கிறான். பிடித்து இழுத்தார். கொடி அசையவில்லை.

ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள் ஓட்டிலியா. உள்ளே ஓடினார்.

"விடு கிழவா! ஒன்றரை வருஷமா இந்த வாசலுக்குத் தபால்காரன் மட்டுந்தான் வந்தான். என் முடியைச் சீவி விடு, அடுத்த கூட்டம் வருது."

ஞாயிறு சாயங்காலத்துக்குள் புத்தகத்தில் நூற்று நாற்பது கையெழுத்து.

"நாளைக்கு இதையும் எடுத்துட்டுப் போ" என்றாள் ஓட்டிலியா.

திங்கட்கிழமை. குழுவில் ஐந்து பேர். இமெல்டா எழுந்து கல் மாதிரி முகத்தோடு வாசித்தாள்.

"அனுமதி முப்பது அங்குலம். இருக்கறது எழுபத்திரண்டு. விதிமீறல்." உட்கார்ந்துவிட்டாள்.

எலோய் புத்தகத்தை மேஜையில் வைத்தார். தலைவர் சலிப்பாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. முகம் சிவந்தது.

பக்கத்து உறுப்பினர் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "'இந்த வருஷத்தின் சிறந்த ஜன்னல். யாரும் கை வைக்காதீர்கள்.' தலைவரே, இது உங்க கையெழுத்தாச்சே?"

தலைவர் இருமினார். "அது... விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஜன்னல் பிழைத்தது.

கூட்டம் முடிந்ததும் நகராட்சி வாசலில் இமெல்டாவை மடக்கினார் எலோய். வண்டியில் இருந்து கொடியை எடுத்து நீட்டினார்.

"தோத்துட்டீங்க மேடம். இந்தாங்க, திருவிழாக்காரங்க கொடி. எவனோ வீடு மாத்தி நட்டுட்டான். அவங்ககிட்ட சேத்துடுங்க."

கொடியை வாங்கி, நுனியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள் இமெல்டா.

"பிடுங்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"ரெண்டு பேர் சேந்து இழுத்தோம்."

"காஞ்ச மண்ணு" என்றாள். "சுத்தியலால அடிச்சு எறக்கினதுல எனக்கு இன்னும் தோள்பட்டை வலிக்குது."