அடுத்த வசனம்

“அதோ, கடைசி பெஞ்சுல நம்ம ஐத்திகு! எல்லாரும் திரும்பிப் பாருங்க!”

மேடையிலிருந்து போதகர் கை நீட்டினார். சபை மொத்தமும் திரும்பியது. சுவரில் தலை சாய்த்து, வாயைப் பிளந்து மில் பாய்லர்காரர் விட்ட குறட்டை, மைக் இல்லாமலே மேடை வரைக்கும் கேட்டது. சிரிப்பு கிளம்பியது.

முன் வரிசையில் அவர் மனைவிக்கு உயிரே போனது. ஆராதனை முடிந்ததும் மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்க வேண்டும். ‘ஒழுங்கா சபைக்கு வராதவங்க வீட்டுக் கல்யாணத்தை நான் நடத்த மாட்டேன்’ என்று போதகர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால்தான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர், “உடம்பு ஒரு மாதிரியா இருக்குடி, இன்னைக்கு விட்டுடேன்” என்று கெஞ்சியும், “ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் உங்களுக்கு எங்கேருந்துதான் வருமோ” என்று கையோடு இழுத்து வந்திருந்தாள்.

“வேதத்துல பவுல் பிரசங்கம் பண்றார். ஐத்திகுன்னு ஒரு வாலிபன் ஜன்னல்ல உக்காந்து தூங்குறான். என்ன ஆச்சு? மூணாவது மாடியிலேருந்து விழுந்தான், செத்தான்! இன்னைக்கு இருக்கற விசுவாசிக்கு இதுதான் பாடம்!”

“ஆமென்!”

“அம்மா, நான் போய் அப்பாவை எழுப்பட்டுமா?” மகள் பாதி எழுந்தாள்.

போதகர் பார்த்துவிட்டார். “உக்காரும்மா. யாரும் எழுப்ப வேண்டாம். வசனமே எழுப்பட்டும்!”

மறுபடி சிரிப்பு. அம்மாவின் கண் கலங்குவதைப் பார்த்து மகள் காதோடு சொன்னாள்.

“அழாதீங்கம்மா. அடுத்த வசனத்துல பவுல் பேச்சை நிறுத்திட்டு இறங்கிப் போவாருல்ல? அவனைக் கட்டிப்பிடிச்சு, ‘பயப்படாதீங்க, உயிர் இருக்கு’ன்னு சொல்வாரே. ஐயா அதைச் சொன்னதும் எல்லாரும் இதை மறந்துடுவாங்க.”

அம்மா அந்த அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தாள். போதகர் அந்தப் பக்கமே போகவில்லை. தூக்கம், சோம்பல், எறும்பின் சுறுசுறுப்பு என்று அரைத்த மாவையே அரைத்தார். நடுவில் குறட்டை இரண்டு தடவை விக்கி, சட்டென்று நின்றது.

“கேட்டீங்களா? குறட்டை நின்னுடுச்சு! வசனம் வேலை செய்யுது!”

“ஆமென்! அல்லேலூயா!” என்று சபை கைதட்டியது. மானம் தப்பியதே என்று மனைவியும் தட்டினாள்.

ஆராதனை முடிந்தபோது போதகர் நல்ல குஷியில் இருந்தார். “தேதிதானே? தாராளமா குறிச்சுடலாம். முதல்ல நம்ம ஐத்திகுவை எழுப்புவோம், வாங்க.”

சிரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கிப் போய்ப் பாய்லர்காரரின் தோளைத் தட்டினார். அவர் அப்படியே பெஞ்சில் சரிந்தார்.

வாசல்காரர் ஓடி வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். “சில்லுனு இருக்கு ஐயா. குறட்டை நின்னுச்சே... அப்பவே...”

பின்வாங்கிய போதகரின் அங்கியை மனைவி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த அடுத்த வசனத்தைச் சொல்லுங்க ஐயா! அதான் இறங்கி வந்துட்டீங்கல்ல, சொல்லுங்க!”